பால் மறக்காத குட்டி

தை 9, திங்கள்
ஒரே பனி. கோட்டைத் துறையே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒல்லாந்து துரைக்குப் புதுப் பைத்தியம்: நீர்நாய். எங்கே படுக்கும், எதைத் தின்னும், எத்தனை குட்டி போடும், எல்லாம் கேட்டு எழுதி வரவேண்டுமாம். பாஷை மாற்றிச் சொல்லும் துபாஷி வேலையில் இதுவும் சேர்த்தி போல. குப்பத்து நாகப்பன் தோணியில் தெற்கு ஓடைக்குப் போனேன்.

பார்த்தவை: தாழை வேருக்கடியில் வளை. பக்கத்து மணல் மேட்டில் எச்சம், முழுக்க மீன் செதிலும் நண்டு ஓட்டுத் துண்டும். குடும்பத்துக்கே கழிப்பிடம் அது ஒன்றுதானாம். ஐந்தாறு சேர்ந்து வரிசை கட்டி மடவை மீனை விரட்டின. பிடித்ததைத் தலையிலிருந்து தின்கின்றன.

நாகப்பன், "நம்மாட்டம்தான் சாமி. ஒத்த ஆளு வல இழுக்க முடியுமா?"

வீட்டில் ரகளை. மனைவி குழந்தைக்குப் பால் மறக்கடிக்கிறாள். மார்பில் வேப்பெண்ணெய். குழந்தை ஓயாமல் கத்தல். தலைவலி.

தை 11, புதன்
துரையும் வந்தார். வளையில் இரண்டு குட்டி. கண் திறந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். தாய் மீனுக்குப் போயிருந்தது. துரை ஒன்றைத் தூக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

நாகப்பன் பதறினான். "வேணாம்னு சொல்லு சாமி. அது இன்னும் பால் மறக்கல."

நானும் துரை பாஷையில் சொன்னேன், வார்த்தைக்கு வார்த்தை: குட்டிக்குப் பால் ஞாபகம் இருக்கிறது என்று.

துரைக்குச் சிரிப்பு. "நல்லதாயிற்று. கோட்டையில் பசு இருக்கிறதே."

பாதி வழியில்தான் உறைத்தது. தாயை விட்டுப் பிரிக்கிற வயசில்லை என்று அல்லவா சொல்லியிருக்க வேண்டும்! வாயைத் திறக்கவில்லை. துபாஷியே தப்பாகச் சொன்னான் என்றால் மரியாதை என்ன ஆகும்? சீ, நானும் ஒரு மனுஷன்.

தை 12, வியாழன்
பசும்பால் குடிக்கிறது. உடனே வயிற்றால் போகிறது.

விடிந்ததிலிருந்து தாய் கோட்டை ஓடைக்கே வந்து கூப்பிடுகிறது. சீழ்க்கை மாதிரி, விட்டு விட்டு. காவல்காரன் இன்னொருவனிடம், "இன்னா பறவடா இது, பேஜாரா கீது."

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுவிட்டாள். "நாலு பாஷ தெரியும்னு பேரு. வூட்ல ஒரு வாரமா இன்னா நடக்குதுன்னு காதுல வுழலியா?"

தை 13, வெள்ளி
சொல்லிவிட்டேன் துரையிடம், தப்பு என்னுடையது என்று. அவர் கோபிக்கவில்லை. நாளைக் காலை கொண்டுபோய் விடலாம் என்றார். குட்டி பால் குடிப்பதையே நிறுத்திவிட்டது.

தை 14, சனி
விடியும் முன்பே செத்துவிட்டது. துரை கழுத்துத் துணியில் சுற்றித் தந்தார். அவருக்கும் கண் சிவந்திருந்தது.

நாகப்பன் திட்டுவான் என்று நினைத்துப் போனேன். திட்டியிருக்கலாம்.

"குடு சாமி. ஆயி பாக்கணும். பாக்காதவரிக்கும் கூப்டுக்கினேதான் இருக்கும்."

மணல் மேட்டில் வைத்துவிட்டுத் தோணியைத் தள்ளி நிறுத்தினோம். வெகுநேரம். தாய் வந்தது. மோந்தது, நக்கியது. பிடரியைக் கவ்வித் தண்ணீருக்கு இழுத்துப்போய் விட்டது. குட்டி அமிழ்ந்தது. முங்கி எடுத்து வந்து மறுபடி விட்டது. மறுபடியும்.

"இன்னா பண்ணுது நாகப்பா?"

"நீச்சல் கத்துக் குடுக்குது சாமி."