பாதி விளக்கை அணைத்த உடம்பு

இன்று காலை மகள் ஒரு பவுடர் டப்பாவைத் திறந்தாள். சோறு, இட்லி எதுவும் வேண்டாமாம். அதைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் போதுமாம். வெனிலா மணத்துக்கு அடியில் எலித்தீனி வாசனை. ஜாதவ்பூர் ஆய்வுக்கூடத்திலிருந்து நேராக என் மளிகைக் கடைக்குச் சாமான் வாங்க வருவீர்களே அம்மா, அப்போது உங்கள் சேலையில் இருக்குமே, அதே வாசனை.

லேக் மார்க்கெட்டில் மற்றவர்கள் உங்கள் பருமனைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசியதை நான் உங்களிடம் நேராகவே கேட்டேன். "எலிக்கு ஏன் எடை ஏறுதுன்னு ஆராய்ச்சி பண்றீங்க. உங்க எடையைக் குறைக்க ஒரு வழி கிடைக்கலையா?"

"எலி வெட்கப்படாது அண்ணாச்சி. அதனால அதுகிட்ட உண்மை சீக்கிரம் கிடைக்கும்."

எனக்குத் தெரிந்தது வியாபாரம். வரவைக் குறைத்தால் இருப்பு குறைய வேண்டும். அதைத்தான் சொன்னேன். நீங்கள் அரிசி மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, "லாக்டவுன்ல லாரி வரலையே, என்ன செஞ்சீங்க?" என்றீர்கள்.

"பாதி லைட்டை அணைச்சேன். இருந்த சரக்கை இறுக்கிப் பிடிச்சேன். சரக்கு அனுப்புறவங்களைப் போன்ல நச்சரிச்சேன்."

"மூளையும் அதேதான் செய்யும். எரிபொருள் குறையுதுன்னு மோப்பம் பிடிக்க அங்க ஒரு நொதி இருக்கு. அது முழிச்சுக்கிட்டா பசியைக் கிளப்பும். இன்னொரு பக்கம் உடம்பு செலவைச் சுருக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. ஒரே தீனி போட்டாலும் ஒரு எலி கொழுக்கும், ஒண்ணு அப்படியே இருக்கும்."

"அப்போ தலைக்குள்ளயே ஒரு பதுக்கல்காரன் உட்கார்ந்திருக்கான்னு சொல்லுங்க."

கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள்.

மகளுக்குச் சால்ட் லேக்கில் ஒரு வரன். "பொண்ணு கொஞ்சம் குறைச்சா நல்லது" என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து இந்தப் பட்டினி. மே மாதப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுச் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். "குளிருதுப்பா" என்கிறாள். அவள் உடம்பு எந்தெந்த விளக்கை அணைத்துவிட்டதோ, கேட்க நீங்கள் இல்லை.

உங்களுக்கு மூச்சு வாங்கியபோது போன இடமெல்லாம் ஒரே பதில்: "முதல்ல வெயிட்டைக் குறைங்க." நெஞ்சைச் சோதித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இதயம்தான் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. இதைப் பற்றியே படித்த உங்களை அந்த ஒரு பேச்சைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்களே, நினைத்தால் வயிறு எரிகிறது.

மதியம் அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். எடை மெஷினைப் பார்த்தார். "குட், இறங்குது. இப்படியே போகட்டும்," என்று அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடிக்கப் போனார். மகள் எழுந்தாள். நான் எழவில்லை.

"எடையை விடுங்க டாக்டர்," என்றேன், என் கடைத்தெரு வங்காளத்தில். "இவளுக்குக் குளிருது, தலை சுத்துது. இவளைப் பாருங்க."

"அப்பா, மானம் போகுது. வாங்க," என்றாள் மகள் தமிழில்.

"போனா போகட்டும். உட்காரு."

டாக்டர் என்னை முறைத்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார். விட்டவர், மறுபடியும் பிடித்துப் பார்த்தார்.

ரத்தம் எடுத்திருக்கிறார்கள். என்ன வருமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயத்தோடு, உங்களுக்காகப் பட்ட கோபமும் என்னிடம் இருக்கிறது அம்மா. அதை ஆறவிட மாட்டேன்.