பறக்கும் நேரமும் நிற்கும் நேரமும்

அன்புள்ள அம்மா,

1964 மே 17, காலை மணி 10.40. நீ போய் இன்றோடு பதினாறு நாள். திண்டிவனத்தில் அக்கா வீட்டில், உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் லண்டனுக்குக் கப்பல் ஏறப் புறப்பட்டபோது விழுப்புரம் பிளாட்பாரத்தில் நீ கேட்டாய்: "எனக்கு ஒண்ணுன்னா பிளேன்ல எவ்ளோ நேரத்துல வருவே?"

உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்து வைத்திருந்தேன். லண்டனிலிருந்து மீனம்பாக்கம் ஐயாயிரத்து நூறு மைல். மணிக்கு ஐந்நூற்றைம்பது மைல் வேகம். "ஒன்பதேகால் மணி" என்றேன்.

"நடுவுல எங்கெங்க நிக்கும்? எங்க எறங்கி சாப்டுவே?"

"நிக்கறதுக்கு அது பாசஞ்சர் வண்டியா? ஒனக்குப் புரியாது, உடும்மா."

நீ சிரித்தாய். பக்கத்து பெஞ்சுக்காரரும் சிரித்தார். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அக்காவின் தந்தி வந்ததும் டிக்கெட் வாங்கினேன். அதோடு தந்த நேர அட்டவணையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கணக்குதான் முன்பே போட்டாயிற்றே. 'நாளை பகல் ஒரு மணிக்கு வருவேன். அதுவரை எடுக்க வேண்டாம்' என்று தந்தி அடித்தேன்.

விமானம் ரோமில் நின்றது. பெய்ரூட்டில் நின்றது. பம்பாயில் அடுத்த விமானம் போய்விட்டிருந்தது. லண்டனில் ஏறியதிலிருந்து அக்கா வீட்டு வாசல் வரை முப்பத்து மூன்றரை மணி நேரம்.

வந்தபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். முந்தின நாள் மாலையே அக்கா வீட்டுக்காரர், மாமா, உனக்குக் கொள்ளி வைத்துவிட்டார். நீ பெற்ற ஒரே ஆண்பிள்ளை நான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்ன கேக்காம எப்படி எடுத்தீங்க?" என்று தெருவே பார்க்க அவரிடம் கத்தினேன். அவர் தலை குனிந்து நின்றார்.

அக்காதான் பேசினாள். "பொணம் கெடக்கறப்ப இந்தத் தெருவுல எவ அடுப்பு மூட்டுவா? பதினாலு வீடும் ஒன் தந்திய நம்பி பட்டினியா ஒக்காந்துக்கினு இருந்துச்சு. பொழுது சாயற வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கினு நின்னாரு ஒங்க மாமா. பறக்கற நேரத்த மட்டும் கணக்குப் போட்டியே, நிக்கற நேரத்த யாருடா போடுவா?"

சித்திரை வெயிலில் உன்னை அப்படிக் கிடத்தி வைத்தது நான்தானே, அம்மா? வந்த நாளிலிருந்து மாமா என் இலைக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறார். அவர் முகத்தை நான் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இனிச் செய்யப்போவது:

1. இன்று சாப்பாட்டுக்கு முன், எல்லோர் எதிரிலும், மாமாவிடம் மன்னிப்புக் கேட்பேன். கத்தியது தெருவில். கேட்பதும் தெருவில்தான்.

2. பதினாலு வீட்டுக்கும் நடந்து போய் மன்னிப்புக் கேட்பேன். காரணம் எதுவும் சொல்லமாட்டேன்.

3. நீ கேட்டதற்குப் பதில் சொல்வேன். ரோமில் ஒரு மணி நேரம், பெய்ரூட்டில் இரண்டு, பம்பாயில் ஓர் இரவு. நின்ற இடத்திலெல்லாம் சாப்பாடு கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் சாப்பிட்டேன், அம்மா.

கொள்ளிக்கு வந்து சேராத
உன் பிள்ளை