கலங்கல் விளிம்பில் நின்ற வண்டி

நேற்று சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் உன்னைப் பற்றிய படத்தைப் போட்டார்கள். முடிந்ததும் எல்லோரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது, யாரோ பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை உதைத்துக் கிளப்பினார்கள். உன் வண்டியைப் போலவே ஆயில் கருகிய புகை மூக்கில் ஏறியது. நீ இல்லை என்று தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன்.

காமிராவைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டிலேயே கிடந்தாளே அந்தச் சென்னைப் பெண், அவள்தான் படத்தைக் கொண்டுவந்தாள். நீ போன பிறகு முடித்தாளாம். திரையில் உன் முகம் வகுப்பறைச் சுவரைவிடப் பெரிதாக இருந்தது. நம் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, படம் முடியும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

முதலில் மரணக் கிணறு வந்தது. காஞ்சிபுரம் பொருட்காட்சியில் யாரோ போனில் எடுத்தது. கிணறு மாதிரி நிற்கும் பலகைச் சுவரில் நீ வண்டியோடு சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறாய். மேலே நிற்கும் பெண் ஒருத்தி மல்லிகைச் சரத்தை நீட்டுகிறாள். கைப்பிடியை விட்டுவிட்டு அதைப் பறித்துப் பல்லில் கவ்விக்கொள்கிறாய். அந்த ஆட்டத்துக்கு ஜெனரேட்டர் ஓட்டியவன் நான். பலகை அதிர்வது எனக்குக் காதில் கேட்காது, வயிற்றில்தான் கேட்கும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆட்டம் முடிந்து நீ வண்டியோரம் உட்கார்ந்திருந்தாய். "இன்னாமே, ஊரே கை தட்டுது. நீ மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற?" என்று கேட்டேன்.

"சுத்திச் சுத்தி அதே எடத்துக்குத்தான்யா வரேன். எவ்ளோ வேகமா போனாலும் அதே எடம். ஒரு தபா நேரா போவணும். அந்தாண்ட போய் எறங்கணும்."

அந்த 'அந்தாண்ட' எது என்று அப்போது உனக்கே தெரியாது. ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான், ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலைக் காட்டினாய். இந்தக் கரையில் மண்மேடு போட்டு வேகமாக ஏறி, பாயும் தண்ணீருக்கு மேலே பறந்து, அந்தக் கரையில் இறங்க வேண்டும். கோடையில் தாண்டிப் பாரேன் என்றதற்கு, "காஞ்ச கலங்கல தாண்டறது இன்னா பெரிசு? தண்ணி போவணும்யா" என்றாய். விழுந்தால் என்ன ஆகும் என்று காமிராக்காரப் பெண் கேட்டாள். "நனைவேன்" என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீருக்கு அடியில் கருங்கல் இருப்பது எனக்குத் தெரியும்.

ஏரி நிரம்பாத வருஷங்களில் அறுவடை முடிந்த கழனியில் தாண்டிப் பழகினாய். தோள்பட்டை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு மண்வெட்டியைத் தூக்கினாய். மகள் பன்னிரண்டாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம், அவள் அழுதுகொண்டே கேட்டாள்: "உனுக்கு நான் முக்கியமா, அந்தக் கலங்கல் முக்கியமா?" வேறு எந்தத் தாயாக இருந்தாலும் உடனே பதில் சொல்லியிருப்பாள். நீ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியலடி" என்றாய். அந்தப் பதிலை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. பொய் சொல்லவில்லையே என்று சில நாள் மெச்சவும் செய்கிறாள்.

பிறகு அந்த ஐப்பசி. ஏரி நிரம்பி, கலங்கல் பேரிரைச்சலோடு பாய்ந்தது. ஊரே கரையில் கூடியது. நீ வண்டியைக் கிளப்பினாய். மேட்டை நோக்கி வந்தாய். மேட்டிலும் ஏறினாய். உச்சியில் பிரேக்கைப் பிடித்தாய். பின்சக்கரம் வழுக்கி, முன்சக்கரம் விளிம்பில் நின்றது. வண்டி அணைந்துவிட்டது. நீ தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

படத்தில் உன் முகத்தை அவள் மிக அருகில் எடுத்திருக்கிறாள். நேற்றுதான் பார்த்தேன், உன் உதடு அசைகிறது. ஏதோ சொல்கிறாய். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அது 'போதும்' என்கிறாள் படம் எடுத்தவள். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்ல நைனா, நல்லா பாரு. 'போவணும்'னுதான் சொல்லுது அம்மா." எனக்காக மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். ஒருமுறை அப்படித் தெரிந்தது, இன்னொருமுறை இப்படி.

அதற்கப்புறம் நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. வருத்தமாகவும் இல்லை. கடைக்குப் போனாய், மாட்டுக்குத் தண்ணி காட்டினாய், மகளைக் கல்லூரி பஸ் ஏற்றிவிட வண்டியை மெதுவாக ஓட்டினாய். அடுத்த மழைக்காலத்தில் சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள்தான். மரணக் கிணற்றில் அத்தனை வருஷம் சுற்றியவளைக் காய்ச்சலா கொண்டுபோக வேண்டும்? யாரிடம் கேட்பது இதை?

மைதானத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். "பயந்துட்டா, வேற இன்னா" என்றார் ஒருவர். "பெத்த பொண்ணு மூஞ்ச பாத்திருப்பா" என்றாள் ஒருத்தி. மகள் திரும்பி, "நான் அம்மாவுக்குப் பின்னால நின்னேன். என்னப் பாக்கவே இல்ல" என்றாள். படத்தின் கடைசியில் என்னிடமும் அதைத்தான் கேட்கிறாள் அந்தக் காமிராக்காரப் பெண், ஏன் நின்றார்கள் என்று. "தெரியலம்மா" என்கிறேன். அதோடு படம் முடிகிறது. உன் கதைக்கு என் முழி கடைசியாக வருவது சரியா, அதுவும் தெரியவில்லை.

படத்தில் இல்லாதது ஒன்று என்னிடம் இருக்கிறது. அன்று காமிராவை அணைத்த பிறகு, மேட்டிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினாய். தள்ள நான் வந்தபோது விடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "வூட்டுக்குப் போலாம்யா. பசிக்குது" என்றாய். வரப்பு வழியாக நீ முன்னே நடந்தாய். நான் ஹெல்மெட்டை, உள்ளே கைவிட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தேன். அதன் உள்பக்கம் வேர்வையில் நனைந்து, கொதிக்கக் கொதிக்க இருந்தது. பயந்தவளின் தலை அப்படிச் சுடுமா, தாண்டிவிட்டவளின் தலை அப்படிச் சுடுமா? கேட்க வாயெடுத்தேன். நீ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனாய். உன் பின்னாலேயே நடந்தேன். அந்தச் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.