சாமி சொன்னதும் நீ சொன்னதும்

உன் காலை வெட்டி எடுத்திருந்தால் நீ இன்று இருந்திருப்பாயா அக்கா? இதற்குப் பதில் தெரியும் என்பவர்களை நான் நம்புவதில்லை. இன்று மலைமேல் உள்ள சோளக்காடு ஊரிலிருந்து வந்த மிளகுப் பையை அவிழ்த்தேன். அந்தக் காரநெடி ஏறியதும், ஏணியில் நின்று மிளகு பறிக்கும் நீயும், பிறகு அந்த ஆஸ்பத்திரி அறையும் நினைவுக்கு வந்தன.

சர்க்கரைப் புண்ணால் உன் பாதம் கறுத்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "முழங்காலுக்குக் கீழே எடுத்தாகணும். நீங்க காலேஜ்ல வேலை பார்க்கறவங்க, எடுத்துச் சொல்லுங்க."

"ஏனுங்க, எடுத்தா எத்தனை நாளைக்கு இருப்பனுங்க?" என்று நீ கேட்டாய்.

"அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் பாட்டி."

"பாட்டியா? அவருக்குத்தான் என்னையவிட நரை" என்று என் காதில் சொன்னாய்.

டாக்டர் மரியாதையானவர்தான். அந்த மரியாதையின் மேல்தான் எனக்குச் சந்தேகம். சம்மதிக்கிற நோயாளிக்கு விஷயம் புரிந்ததா என்று எந்த டாக்டரும் சோதித்து நான் பார்த்ததில்லை. மறுக்கிறவருக்குத்தான் எப்போதும் புரிவதில்லை.

"பூக் கேட்டுட்டு நாளைக்கு வாரேனுங்க" என்றாய். சாமி தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். டாக்டர் சிரித்தார், ஆனால் விட்டுவிட்டார்.

"கால் விஷயத்துக்குப் பூவாக்கா?" என்று பஸ்ஸில் கடிந்துகொண்டேன்.

"நான் வேண்டாம்னா கிறுக்கிம்பாங்க கண்ணு. சாமி வேண்டாம்னா யாரு வாயத் தொறப்பாங்க?"

மாலையில், மலையூர்கள் சேர்ந்த எடப்புளி நாட்டின் கோயிலில் பூ வலப்பக்கம் விழுந்தது. "இவரும் டாக்டரு பக்கந்தான்" என்று முணுமுணுத்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டாய்.

அந்த வருட மிளகை உட்கார்ந்தே உதிர்த்தாய். அடுத்த பறிப்புக்கு நீ இல்லை. இப்போதெல்லாம் எந்த டாக்டர் கனிவாகப் பேசினாலும், யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்றே கவனிக்கிறேன். உன் முடிவு சரியா என்று எழுத என்னால் ஆகாது. பூ விழுந்த மறுநாள் நடந்ததை மட்டும் எழுதலாம்.

"சாமி என்ன சொல்லுச்சு?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"எடுக்கச் சொல்லுதுங்க" என்றாய் நீ. அவர் நர்ஸைக் கூப்பிட்டார்.

"இருங்க. சாமி சொல்லிருச்சு, நான் இன்னும் சொல்லலீங்களே. எனக்கு வேண்டாமுங்க."

அப்போதும் அவர் என்னைத்தான் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். கடைசியில் உன்னைக் கேட்டார்: "ஏன் வேண்டாம்?"

"மலைச்சரிவுக் காட்டுக்காரிங்க நான். ஒத்தக் காலோட ஊட்டுக்குள்ளயே கெடக்கறது எனக்கு ஆகாதுங்க."

தலையாட்டினார். புதுக் கட்டுப் போடச் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். மத்தியான பஸ்ஸில் மேலே திரும்பினோம்.