பிலிம் எடுக்கிற பேத்தி

ஜெகதளா
9.2.2025

என் கண்ணு ரஞ்சனிக்கு அம்மாயி எழுதுவது.

உன் தம்பி கீர்த்திவாசன் பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பு. உன் அக்கா ராஜகுமாரி டீச்சர் வேலையும் வாங்கி, போன மாதம் பெண் குழந்தையும் பெற்றுவிட்டாள். எல்லாருக்கும் மேலே நீ. “பேத்தி புனாவுல என்ன பண்ணுது?” என்று பக்கத்து வீட்டுச் சுப்பம்மா கேட்டாள். நீ எழுதியிருந்தாயே, அதையே சொன்னேன்: “ஆஸ்பத்திரிக் கிருமியை வச்சு பயோ பிலிம்.” “கதாநாயகன் யாரு?” என்கிறாள். யார், நீயே எழுது. போனில்தான் எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லையே.

பாப்பாவைத் தூக்கச் சொல்லி ராஜகுமாரி மல்லுக்கட்டுகிறாள். நான் தூக்கவில்லை. தள்ளி உட்கார்ந்து பார்க்கிறேன், போதும்.

சின்னம்மை

புனே
20.2.2025

அன்பு அம்மாயிக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கதாநாயகன் இல்லை, எல்லாமே வில்லன்தான் என்று சொல்லுங்கள். இந்தப் பிலிம் சினிமா இல்லை. பால் ஆறினால் ஆடை கட்டுமே, அதுபோல ஒன்று. நோயாளிக்குப் போடும் குழாய்க்குள் கிருமிகள் ஒட்டிக்கொண்டு, பசை கக்கி, அதையே கூரையாகப் போட்டு, நம் எஸ்டேட் லயத்து வீடுகள் மாதிரி வரிசையாகக் குடியிருக்கும். மருந்து சரியாக உள்ளே இறங்காது. அந்தக் கூரையைப் பிரிப்பதுதான் என் வேலை. மைக்ரோஸ்கோப்பில் எடுத்த அதன் படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

எங்களையெல்லாம் இடுப்பை விட்டு இறக்காதவர் நீங்கள். பாப்பாவை ஏன் தூக்கவில்லை?

ரஞ்சனி

ஜெகதளா
2.3.2025

கண்ணு ரஞ்சனிக்கு,

படம் பார்த்தேன். மேட்டில் நின்று தேயிலைக்காட்டைப் பார்த்த மாதிரி பச்சைப் பசேலென்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சனியனுக்கு என்ன கெட்டிக்காரத்தனம்! அதைக் கண்டுபிடித்த நீ அதைவிடக் கெட்டிக்காரி.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். தாத்தாவுக்கு மூத்திரக் குழாய் போட்டிருந்த இருபத்தேழு நாளும் நான்தான் பையைப் பார்த்துக்கொண்டேன். காய்ச்சல் வந்ததும் ஒரு நர்சம்மா என் விரலைப் பார்த்துவிட்டு, “இந்தக் கையோடவா தொட்டீங்க? கிருமி ஏறாம என்ன செய்யும்?” என்று வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். நாற்பது வருசம் கொழுந்து பறித்த கை. கறை போகுமா? நாலாம் நாள் தாத்தா போய்விட்டார். அதனால்தான் பச்சைப் பிள்ளையைத் தொட மனசு வரவில்லை.

நீ படித்தவள். நிஜத்தைச் சொல். என் மனசுக்காகச் சொல்லாதே.

சின்னம்மை

புனே
11.3.2025

அம்மாயி,

நிஜத்தையே எழுதுகிறேன். முதல் கிருமி எங்கிருந்து வந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. தாத்தாவின் உடம்பிலேயே இருந்திருக்கலாம். அத்தனை நாள் குழாய் இருந்தால், எவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டாலும் அநேகமாக எல்லோருக்கும் உள்ளே ஆடை கட்டிவிடும். உங்கள் கைதான் காரணம் என்று சொல்ல அந்த நர்சுக்கு எந்த வழியும் இல்லை. உங்கள் விரலில் இருப்பது தேயிலைக் கறை. கறை வேறு, கிருமி வேறு.

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பாப்பாவைத் தூக்குங்கள்.

ரஞ்சனி

ஜெகதளா
19.3.2025

என் தங்கத்துக்கு,

கழுவினேன், இரண்டு தரம். தூக்கினேன். கறுப்பு விரலாகப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. ராஜகுமாரி அழுகிறாள், சிரிக்கிறாள்.

சுப்பம்மாவிடம், “பிலிம் இல்லடி, கிருமியோட ஊட்டுக் கூரையைப் பிரிக்கிற வேலை” என்றேன். “தகரம் திருடவா புனா வரைக்கும் போச்சு?” என்கிறாள். பொறாமை.

கிருமிப் படத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டான் கீர்த்திவாசன். இந்தப் பக்கம் தாத்தா, அந்தப் பக்கம் கிருமி. நடுவில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னேன். அது நீ நிற்க வேண்டிய இடம். உன் பழைய போட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கிறாய், அது காணாது. வேலையில் நீ போடுகிற வெள்ளைக் கோட்டுப் போட்டு, புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு.

அம்மாயி
சின்னம்மை