குடும்ப பைபிளில் கிழிந்த தாள்

கெண்டக்கி, ஜனவரி 1931

அன்புள்ள தம்பி,

அப்பாவோடு சண்டை போட்டு, குடும்ப பைபிளிலிருந்து நீ கிழித்துக்கொண்டு போன, நம் பிறப்பு இறப்பெல்லாம் எழுதிய தாளை இதைக் கொண்டுவருபவரிடமே கொடுத்தனுப்பு. ஜோவாப் தாத்தா யாருக்குப் பிறந்தார் என்று அதில் மட்டும்தான் எழுதியிருக்கிறது.

தன் அப்பா இறந்ததும் பங்காளி லைமன் குடும்ப இடுகாட்டைப் பூட்டிவிட்டான். "மலை தாண்டி வந்தப்போ வழியில கெடந்த புள்ளைய எங்க பூட்டன் எடுத்து வளர்த்தாரு. அந்தப் புள்ளைதான் உங்க ஜோவாப் தாத்தா. நீங்க அவரு வழி. இது எங்க ரத்தம் படுக்கிற எடம்க்கா" என்கிறான். என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்!

கோர்ட்டுக்குப் பத்து மைல் நடந்தேன். "பழைய ஏடெல்லாம் உள்நாட்டுப் போர்லயே எரிஞ்சு போச்சும்மா" என்று குமாஸ்தா கையை விரித்தார். தேவாலயப் பதிவேட்டில் தாத்தா பெயர் இருக்கிறது. தகப்பன் பெயர் இல்லை.

"உங்கம்மா பக்கத்துல எனக்கு எடம் இருக்குல்ல?" என்று அப்பா தினமும் கேட்டார். இருக்கிறது என்றேன். திங்கட்கிழமையிலிருந்து அவர் கேட்பதில்லை. குளிர் விடாததால் கொட்டகையில் வைத்திருக்கிறேன்.

தாளில் தாத்தாவின் தகப்பனாகப் பூட்டன் பெயர் இல்லாமல் வேறு பெயர் இருந்தால் அதை அங்கேயே எரித்துவிட்டு நீ மட்டும் வா. நம் சோளக்கொல்லையிலேயே குழி வெட்டிவிட்டேன். பெட்டியைத்தான் என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை.

உன் அக்கா