எதிரே நின்று கற்றது

மார்ச் 4

அன்புள்ள குட்டிம்மா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ ஒரே மூச்சில் பேசிவிட்டு "சரியாப்பா?" என்கிறாய். என் வாய் "சரிம்மா" என்று சொல்லிவிடுகிறது. எதற்குச் சரி சொன்னோம் என்று போனை வைத்த பிறகுதான் யோசிக்கிறேன். அலமாரி மேல் கேமரா வைப்பதற்கும், இந்த வீட்டை விற்பதற்கும், உன் ஊர் முதியோர் இல்லத்தில் வந்து தங்குவதற்கும் இப்படித்தான் சரி சொல்லியிருக்கிறேன். "இந்த மனுஷன் 'சரி'ங்கற ஒத்த வார்த்தைய வச்சே குடும்பம் நடத்திடுவார்" என்று உன் அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

பேனாவைப் பிடித்தால் மட்டும் கொஞ்சம் தைரியம் வருகிறது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திய காலத்திலும் அப்படித்தான். பெரிய எழுத்தாளர் எதிரில் வந்தால் எழுந்து நிற்பேன். அவர் எழுதிய பக்கத்தில் சிவப்பு மையால் தயங்காமல் அடிப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கேமராவில் நீ பார்த்தது பக்கவாதம் அல்ல. அது தாய்ச்சி என்கிற சீன உடற்பயிற்சி.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து எனக்குத் தரை என்றாலே பயம். அடுக்களைக்குப் போவதற்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். வயதானவர்கள் விழாமலிருக்க என்ன செய்யலாம் என்று டேப்லெட்டில் தேடியபோது ஒரு வாத்தியார் கிடைத்தார். வெள்ளை உடுப்பு, தோட்டம், என்னைப் போலவே வழுக்கை. அவர் மொழி புரியாததால் சத்தத்தை அணைத்துவிட்டேன். இதுவரை எனக்குக் கிடைத்த ஆசிரியர்களில் திட்டாதவர் இவர் ஒருவர்தான். சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, டேப்லெட்டைக் குக்கரில் சாய்த்து வைத்து, தரை ஓடுகளின் கோடுகளை அச்சுப் பக்கத்தின் ஓரக்கோடு போல வைத்துக்கொண்டு அவர் செய்வதைச் செய்கிறேன்.

அன்று கையை மிதக்கவிட்டு மெல்லத் திரும்பும்போதுதான் அலமாரி உச்சியிலிருந்து "அப்பா! அப்பா! கையத் தூக்குங்க! சிரிங்க! வாய் கோணுதா பாருங்க!" என்று உன் குரல் வந்தது. நான் பயத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போன் செய்ததும் கீழ்வீட்டுத் தையல்காரர் மாற்றுச்சாவியோடு, கழுத்தில் இன்ச் டேப்போடு ஓடிவந்தார். "சார், உயிரோட இருக்கீங்களா? ஆஸ்பத்திரிக்கா, இல்ல..." என்று இழுத்தார்.

ஒன்றைக் கவனி. அந்த மாதம் நான் தரையில் உட்கார்ந்தது உன் குரலால் மட்டும்தான்.

இல்லத்தைப் பற்றிக் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யலாமா? கேட்கத்தான் செய்கிறேன்.

உன் அப்பா


மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை சிரித்தேன். மூன்றாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

நான் வேலை பார்ப்பது எலும்பு வார்டில் என்பதை மறந்துவிட்டீர்கள். இடுப்பெலும்பு உடைந்து உங்கள் வயதில் யாராவது வராத நாளே கிடையாது. "நேத்துவரைக்கும் நல்லா நடந்தேன் சிஸ்டர்" என்று எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். போன வாரம் வந்தவர் ராத்திரி முழுக்கக் குளியலறைத் தரையில் கிடந்திருக்கிறார். பால் போட வந்தவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் போர்வை போர்த்தும்போது எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இல்லத்தில் அறை சொல்லிவைத்தாயிற்று. ஜன்னல் உண்டு. உங்களைப் பார்க்க நான் நடந்தே வந்துவிடுவேன். வீடு பார்க்கத் தரகர் இந்த மாதக் கடைசியில் வருவார். கதவைத் திறந்துவிடுங்கள், போதும். அதற்கு முன் பிசியோதெரபி பெண் ஒருத்தியை அனுப்புகிறேன். அவள் உங்கள் காலைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்வாள்.

வீடியோ பார்த்துத் தாய்ச்சி, குங்ஃபூ எதுவும் வேண்டாம். தப்பாகச் செய்தால் முட்டி போய்விடும். "சரி" என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள் அப்பா. நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

அன்புடன்,
உங்கள் குட்டி


ஏப்ரல் 2

அன்புள்ள குட்டிம்மா,

நீ கேட்ட அந்த ஒரு வரியைத் தவிர மற்ற எல்லாம் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பிசியோதெரபிப் பெண் வந்தாள். கண்டிப்பான பெண். முதலில் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். நின்றேன். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போதும் தாத்தா, எறக்குங்க. இவ்வளவு நேரம் நிக்க எங்க கத்துக்கிட்டீங்க?"

உண்மையைச் சொன்னேன். நம் வீட்டு நெட் அடிக்கடி நின்றுவிடும். அதுவும் வாத்தியார் காலைத் தூக்கியிருக்கும்போது பார்த்துத்தான் நிற்கும். திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வாத்தியார் இறக்காத காலை நான் எப்படி இறக்குவது? அவர் இறக்கும்வரை நானும் நிற்பேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு வீடியோவை ஓடவிட்டு முழுவதும் செய்து காட்டச் சொன்னாள். பாதியில் நிறுத்திவிட்டாள். "தாத்தா, எல்லாமே எடம் வலமா மாறி இருக்கே! வலது கை போக வேண்டிய எடத்துல எடது கை போகுது." வாத்தியார் என்னைப் பார்த்து நிற்கிறார்; அவருடைய வலக்கை இருக்கும் பக்கம் எனக்கு இடக்கை. கண்ணாடி பார்ப்பதுபோலக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இத்தனை மாதமாக ஓர் அசைவு விடாமல், ஒழுங்காக, முழுவதையும் தவறாக. என்னைப் போன்றவனால்தான் இப்படி ஒரு தவறைச் சீராகச் செய்ய முடியும்.

"மொதல்லேருந்து மாத்திக் கத்துக்கலாம்" என்றாள். எனக்கு நாக்கு வரை "சரிம்மா" வந்துவிட்டது. அப்புறம் கேட்டேன்: "இப்படிச் செஞ்சா கால் கெட்டுப்போகுமா?" "கெட்டுப்போகாது. ஆனா தப்பு." "அப்ப இப்படியே இருக்கட்டும்" என்றேன்.

குட்டிம்மா, வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் பிழைகளைத் திருத்தியவன் நான். இந்த ஒன்றைத் திருத்தப்போவதில்லை.

தரகரும் வந்தார். கதவைத் திறந்தேன், வாசலை விட்டு நகரவில்லை. முட்டியைச் சற்றே மடக்கி, எடையைக் கீழே இறக்கி நின்றேன். வீடு விற்பனைக்கு இல்லை என்றேன்.

"ஒங்க பொண்ணு சொன்னாங்களே சார்?"

"சொன்னாங்க. வீடு என்னோடது."

"பெரியவரே, எதுக்கும் பாப்பாகிட்ட ஒரு வார்த்த பேசிட்டு..."

"பேச மாட்டேன். எழுதப்போறேன்."

குரல் நடுங்கியது. கால் நடுங்கவில்லை.

அன்றே நாற்காலி போட்டு ஏறி (திட்டாதே, தையல்காரர் பிடித்துக்கொண்டார்) கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டேன். நான் இல்லத்துக்கு வரவில்லை.

உன் அப்பா


மே 6

அன்புள்ள குட்டிம்மா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போனும் மௌனமாக இருக்கிறது. கோபம் என்று புரிகிறது. கோபத்தில் நீ உன் அம்மா. அவளும் சத்தம் போட மாட்டாள், பாத்திரம்தான் சத்தம் போடும்.

ஒரு செய்தி. நேற்று முன்தினம் மத்தியானம் விழுந்துவிட்டேன். அடுக்களை வாசலில் தண்ணீர் சிந்தியிருந்ததைப் பார்க்கவில்லை. ஆனால் போன வருடம் மாதிரி மரம் சாய்வதுபோல விழவில்லை. முட்டி தானாக மடங்கியது. இறங்கி உட்கார்ந்தமாதிரிதான் போனேன். முழங்கை சிராய்த்துவிட்டது. கொஞ்சநேரம் அப்படியே இருந்தேன். கத்த வேண்டும் என்று தோன்றியது. பிறகு ஒருக்களித்து, மண்டியிட்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்தேன். தண்ணீரைத் துடைத்தேன். டீ போட்டேன்.

இதை உன்னிடமிருந்து மறைத்திருந்தால் நான் ஜெயித்த மாதிரி இருக்கும். நான் ஜெயிக்க வேண்டாம். இங்கே இருக்க வேண்டும். மறுபடியும் விழுவேன். ஒரு நாள் எழ முடியாமலும் போகலாம். நீ போர்வை போர்த்திய அந்த மனிதரை நானும் நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன். அதனால் தையல்காரரோடு ஓர் ஏற்பாடு. காலையிலும் இரவிலும் நாற்காலிக் காலால் தரையில் தட்டுவேன். அவர் மரக்கோலால் கீழிருந்து தட்டுவார். சத்தம் வராவிட்டால் சாவியோடு மேலே வருவார். "தட்ட மறந்துட்டீங்கன்னா சட்டைக்கு அளவெடுக்காம விடமாட்டேன்" என்று மிரட்டியிருக்கிறார்.

பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடேயே இங்கு இருந்துகொள்கிறேன்.

உன் அப்பா


ஜூன் 11

அப்பா,

உங்கள் மேல் இன்னும் கோபம் போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் விழுந்த கடிதத்தை வார்டிலேயே படித்தேன். உடனே இல்லத்துக்குப் போன் செய்து, அறையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கத்தினேன். சம்மதித்துச் சொல்லவில்லை, ஆத்திரத்தில் சொன்னேன். "எக்கேடு கெட்டுப் போகட்டும்" என்றுகூடச் சொன்னேன். மறுநாள் அறையைத் திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கேமராவை நீங்கள் திருப்புவதற்கு முன்னால் பதிவானது என்னிடம் இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறீர்கள் என்று பிடிக்கத்தான் போட்டுப் பார்த்தேன். வார்டில் நாள் முழுக்க நின்று நின்று என் இடுப்பும் முட்டியும் உங்களைவிட மோசம். பார்த்துக்கொண்டே ஒரு நாள் எழுந்து நின்று செய்தேன். அப்புறம் தினமும். ஒரு நாள் ஓய்வறையில் செய்துகொண்டிருந்தபோது எங்கள் மயக்க மருந்து டாக்டர் பார்த்துவிட்டார். பல வருடமாகத் தாய்ச்சி கற்றவர். "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க சிஸ்டர்? ரொம்பச் சுத்தமா இருக்கே!" என்றார்.

புரிகிறதா அப்பா? நீங்கள் வாத்தியாருக்கு எதிரே நின்று இடம் வலமாகக் கற்றீர்கள். நான் உங்களுக்கு எதிரே நின்று கற்றேன். எனக்குச் சரியாக வந்துவிட்டது.

ஆனால் உங்கள் நெட் நின்றுவிடுவதால், எல்லாப் பதிவும் நீங்கள் காலைத் தூக்கும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. இப்போது கேமராவில் சுவர்தான் தெரிகிறது. தயவுசெய்து கேமராவைத் திருப்புங்கள். கண்காணிக்க இல்லை. நான் ஒற்றைக் காலில் நிற்கிறேன்.

குட்டி


ஜூன் 24

அன்புள்ள குட்டிம்மா,

கேமரா திரும்பாது.

மீதியைக் கற்க வேண்டுமென்றால் காலை இறக்கிவிட்டு இங்கே வா. மேசை இன்னும் சுவரோரம்தான் இருக்கிறது. இரண்டு பேர் கை வீச இடம் போதும். நீ என் எதிரே நில். நான் என் தப்பைச் செய்கிறேன், நீ சரியாகச் செய். இடையில் ரத்த அழுத்தம் பார்க்காதே, நாடி பிடிக்காதே, தரையில் தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து பார்க்காதே. பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அனுப்பத் தெரியும் இப்போது. தரகரைக் கேட்டுப் பார்.

அலமாரியில் உன் துணிக்கு ஒரு தட்டு காலி செய்து வைத்திருக்கிறேன்.

கிளம்பும் முன் போன் செய். "வரட்டுமாப்பா?" என்று கேள். அதற்கு மட்டும் என் பழைய பதில்தான்.

உன் அப்பா